மூன்று மட்லேன் அச்சில் ஒன்றுதான் தேறியது

இங்கே பிரான்சில் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து நாலரை மணிக்குச் சாப்பிடும் தின்பண்டத்துக்குக் ‘கூத்தே’ என்று பேர். எங்கள் வீட்டில் அது நிஜமாகவே கூத்துதான். மகள் பையை ஒரு மூலையில் எறிந்துவிட்டு, ஷூவைக் கழற்றுவதற்குள்ளேயே “அம்மா, கூத்தே என்ன?” என்று கேட்டுவிடுவாள். ஒரு நாள் ரொட்டியும் சாக்லேட்டும், ஒரு நாள் ஆப்பிள் கூழ், மற்ற நாளெல்லாம் பை பையாக வாங்கி வைத்திருந்த மட்லேன்.

மட்லேன் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. உள்ளங்கையில் அடங்குகிற, சிப்பி வடிவச் சின்ன கேக். ஒரு பக்கம் சிப்பியின் வரிகள், மறுபக்கம் நடுவில் ஒரு புடைப்பு. முட்டை, சர்க்கரை, மைதா, வெண்ணெய், கொஞ்சம் எலுமிச்சைத் தோல். டீயோடும் சாப்பிடலாம், சும்மாவும் சாப்பிடலாம். சூப்பர் மார்க்கெட்டில் ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் சுற்றி விற்கிறார்கள். வாரக்கணக்கில் ஆனாலும் மெத்தென்றே இருக்கும். அதுதான் எனக்கு உறுத்தல். நம் வீட்டில் சுட்ட எந்தப் பண்டம் அப்படி இருந்திருக்கிறது?

நான் ஒரு பள்ளிக்கூட கான்டீனில் வேலை பார்க்கிறேன். உடன் வேலை பார்க்கும் ஒரு பெரியம்மா பிரான்சின் வடகிழக்கே இருக்கும் லொரேன் பக்கத்துக்காரர், ரிட்டயர் ஆக இன்னும் இரண்டு வருஷம். ஒரு நாள் பிஸ்கட் டப்பா ஒன்றில் வீட்டில் சுட்ட மட்லேன் கொண்டுவந்தார். ஒன்றை எடுத்துக் கடித்தேன். ஓரம் மொறுமொறுவென்று உடைந்தது, உள்ளே இளஞ்சூடாகப் பஞ்சு மாதிரி இருந்தது. அதுவரை நான் தின்றதெல்லாம் வேறு ஏதோ பண்டம் என்று அப்போதுதான் புரிந்தது. பக்குவம் கேட்டேன். “மாவு எல்லாருக்கும் ஒன்றுதான், நல்ல அச்சு வாங்கு” என்றார்.

கேட்டேனா? இல்லை. இருப்பதிலேயே மலிவானதை வாங்கினேன். அதிலிருந்து ஆரம்பித்து மூன்று அச்சு வாங்கியாகிவிட்டது. யாராவது வாங்கப் போகிறீர்கள் என்றால் என் காசு போனதைப் படித்துவிட்டுப் போங்கள்.

முதல் அச்சு சிலிக்கோன். ஊதா நிறம், ஒன்பது குழி, 9 யூரோவுக்குக் கொஞ்சம் குறைவு. எண்ணெய் தடவ வேண்டாம், ஒட்டாது, சுருட்டி டிராயரில் வைக்கலாம் என்று அட்டையில் போட்டிருந்தது. எல்லாமே உண்மை. ஒட்டவில்லை, சுருட்டவும் முடிந்தது. மட்லேன் மட்டும் வரவில்லை.

முதல் தடவை மாவை ஊற்றி மேசையிலிருந்து தூக்கினேன். நடுவில் தொட்டில் மாதிரி தொங்கிவிட்டது. இரண்டு குழி மாவு பக்கத்துக் குழிக்குள் போய், கொஞ்சம் என் செருப்பிலும் விழுந்தது. கீழே ஒரு கம்பித் தட்டை வைத்துத்தான் தூக்க வேண்டுமாம், அதைப் பிறகுதான் கற்றேன். சரி, சுட்டு எடுத்ததாவது நன்றாக இருந்ததா என்றால், அடிப்பக்கம் வெளுத்துப்போய், விரல் வைத்தால் பிசுபிசுவென்று இருந்தது. வரிகள் பாதி அழிந்திருந்தன. மகள் ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு “அம்மா, இதற்குச் சளி பிடித்திருக்கிறது” என்றாள்.

காரணம் எளிது. சிலிக்கோன் சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும். சூடான பாத்திரத்தை இறக்கப் பிடிதுணிக்குப் பதில் அதே சிலிக்கோனைத்தானே கையில் மாட்டிக்கொள்கிறோம்! கையைச் சுடாமல் காப்பாற்றுகிற பொருள் மாவையும் சுடாமல் காப்பாற்றும். மட்லேனுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரான குணம். இப்போது அந்த ஊதா அச்சில் இஞ்சி பூண்டு விழுதை உறைய வைக்கிறேன். ஒரு குழி, ஒரு குழம்பு அளவு. அந்த வேலைக்கு அதைப்போல ஒரு சாமான் கிடையாது, பத்துக்குப் பத்து போடுவேன்.

இரண்டாவது அச்சு நான்ஸ்டிக் பூசிய இரும்பு. கறுப்பு, பன்னிரண்டு குழி, 17 யூரோ. இதில்தான் முதன்முதலில் எனக்குத் திமில் வந்தது.

திமில் என்று நான் சொல்வது அந்தப் புடைப்பைத்தான். பிரெஞ்சில் ‘போஸ்’ என்பார்கள். மாட்டுக்கு இருப்பதற்கும் ஒட்டகத்துக்கு இருப்பதற்கும் அதே சொல்தான். எனக்குக் காளையின் திமில்தான் ஞாபகத்துக்கு வந்தது, அந்தப் பெயரே வீட்டில் நிலைத்துவிட்டது. “இன்றைக்குத் திமில் வந்ததா?” என்று இவர் வேலை விட்டு வருகிற வழியில் போன் செய்து கேட்பார். பஸ்ஸில் தமிழ் தெரிந்தவர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன நினைப்பார்களோ.

பதினான்கு மாதம் அந்தக் கறுப்பு அச்சு நன்றாகவே உழைத்தது. ஒரு குறை உண்டு. கறுப்பு உலோகம் சூட்டை வேகமாக வாங்கிக்கொள்ளும், அதனால் சிப்பிப் பக்கம் சீக்கிரம் கருகும். மேலே திமில் இன்னும் பொன்னிறம் ஆகாமல் இருக்கும்போதே கீழே காப்பிக்கொட்டை நிறம் வந்துவிடும். ஓவனை 10, 15 டிகிரி குறைத்தும், தட்டை ஒரு படி மேலே ஏற்றியும் சமாளித்தேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒட்டிக்கொண்ட ஒன்றை இவர் முள்கரண்டியால் நெம்பி எடுத்தார். அன்றே அச்சைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் போட்டுவிட்டார், உதவி செய்கிறாராம். இரண்டு மூன்று வாரத்தில் அந்தக் குழியில் பூச்சு பொரிந்து, மிளகு மிளகாகக் கழன்று வந்தது. பிள்ளை சாப்பிடுகிற பண்டம், இனி வைத்துச் சுட மனம் வரவில்லை.

வாங்கிய கடைக்கு எடுத்துப் போனேன். இந்த நாட்டில் வாங்குகிற சாமானுக்கெல்லாம் இரண்டு வருஷச் சட்ட உத்தரவாதம் உண்டு, அதை மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன். கவுண்டரில் இருந்த பையன் ரசீது கேட்டான். பர்ஸிலிருந்து எடுத்து நீட்டினேன். வெள்ளைத் தாள். பதினான்கு மாதத்தில் எழுத்தெல்லாம் ஆவியாகிவிட்டது. இருவரும் அந்தத் தாளை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தோம். பிறகு அவன் அச்சைத் திருப்பி, முள்கரண்டி கீறிய நாலு கோட்டையும் விரலால் தடவிக் காட்டினான். ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன். ரசீதை வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வையுங்கள், இது அச்சுக்கு மட்டும் இல்லை.

மூன்றாவதுதான் தேறியது. அதற்காக ஒரு சனிக்கிழமை பாரிஸுக்குள் போனேன்.

லே ஆல் பக்கத்தில், கொக்கிலியேர் தெருவில், தெயிலெரான் என்று ஒரு பாத்திரக் கடை இருக்கிறது. 1820 முதல் நடக்கிறது. சமையல்காரர்களும் வாங்குவார்கள், வேடிக்கை பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்களும் கூட்டமாக நிற்பார்கள். கும்பகோணத்துப் பாத்திரக் கடைக்குள் போன மாதிரியே இருந்தது எனக்கு. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டிய சந்து. தரையிலிருந்து கூரைவரை மர அலமாரி, கொக்கியில் தொங்கும் கரண்டிகள், வரிசை வரிசையாகச் செப்புப் பாத்திரம். கீழே நிலவறையில் கல்யாணச் சமையலுக்கு ஆகிற அளவில் குண்டான்கள். நான் ஏதோ பெரிதாக வாங்க வந்தவள்போலக் கால் மணி நேரம் செப்புச் சட்டிகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு மட்லேன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அது வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு. பன்னிரண்டு குழி. புதிதில் வெள்ளி மாதிரி மின்னும். கையில் எடுத்தால் முந்தைய இரண்டையும்விடக் கனம். குழியின் வரிகள் கூர்மையாக இருக்கின்றன, நகத்தை ஓட்டினால் ‘டிர்ர்’ என்று சத்தம் வரும். 30 யூரோவுக்குக் கொஞ்சம் மேலே ஆயிற்று. வீட்டில் விலையைக் குறைத்துத்தான் சொன்னேன்.

ஈயம் என்றதும் நமக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்தால் உருகி ஓடிவிடும், ரசத்தை ஊற்றிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்று எல்லா வீட்டிலும் புது மருமகளுக்குச் சொல்வார்களே, அதே கதைதான் இதற்கும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். மட்லேனுக்கு ஓவன் 220 வரை போகும். மாவோடு உள்ளே வைத்தால் ஒன்றும் ஆகாது. காலித் தட்டை உள்ளே வைத்து ஓவனைக் காயவிடாதீர்கள். இங்கே கேக் சுடுகிற எத்தனையோ பேருக்கு இது புது விஷயம். நமக்கு அம்மியடியிலேயே கிடைத்த பாடம்.

இன்னொன்று, இதைப் பணியாரக்கல் மாதிரி பழக்க வேண்டும். முதல் தடவை வெந்நீரில் கழுவி, துடைத்து, வெண்ணெய் தடவிச் சுட்டேன், நாலைந்து ஒட்டின. இரண்டாம் தடவை இரண்டு. நாலாவது தடவையிலிருந்து தட்டைச் சாய்த்து மேசையில் ஒரு தட்டு தட்டினாலே பன்னிரண்டும் பொலபொலவென்று விழுந்தன. பணியாரக்கல்லைப் புதிதாக வாங்கிப் பழக்கியவர்களுக்கு இந்தப் பொறுமை தானாக வரும். சோப்புப் போட்டுத் தேய்க்கக் கூடாது, இயந்திரத்தில் போடவே கூடாது. சூடு ஆறுவதற்குள் ஒரு துணியால் துடைத்து, அணைத்த ஓவனுக்குள்ளேயே காயவிட்டு எடுத்து வைக்கிறேன். மின்னல் எல்லாம் போய் இப்போது மங்கலான சாம்பல் நிறம், அதுதான் நல்லதாம்.

வெண்ணெய் தடவுவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உருக்கிய வெண்ணெய் தடவினால் அது வழிந்து குழியின் அடியில் குளம் கட்டும், மேல்வரிகள் காய்ந்து கிடக்கும். அறைச் சூட்டில் இளகிய வெண்ணெயைப் பிரஷ்ஷில் எடுத்து, வரிகளின் போக்கிலேயே, அடியிலிருந்து மேலாகத் தடவ வேண்டும். மேலே மாவைத் தூவி, தட்டைக் கவிழ்த்து, மிச்சத்தைத் தட்டிவிட வேண்டும். சரியாகத் தட்டாவிட்டால் மட்லேனின் முதுகில், அதாவது சிப்பிப் பக்கத்தில், தேமல் மாதிரி வெள்ளைத் திட்டு வரும். பிறகு தட்டைக் கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன்.

மூன்றையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு நாள் தோன்றியது. (கறுப்பு அச்சில் கெட்டது ஒரு குழிதானே, மற்ற பதினொன்றும் அப்போது நன்றாகத்தான் இருந்தன.) ஒரே மாவு, ஒரே ஓவன், ஒவ்வொரு குழிக்கும் தராசு வைத்து 26 கிராம். ஈயத் தட்டு பத்து நிமிஷத்தில் ஆயிற்று. ஓரம் பழுப்பு, முதுகு சீரான தேன் நிறம், திமில் கூம்பாக நின்றது. கறுப்பு ஒன்பது நிமிஷம். திமில் குறையில்லை, ஆனால் முதுகு ஒரு படி கூடவே கறுத்திருந்தது. ஊதா சிலிக்கோன் பதின்மூன்று நிமிஷம் ஆகியும் வெளிறியே இருந்தது. திமிலுக்குப் பதிலாக மூடி போட்டாற்போல ஒரு மெல்லிய மேடு. கண்ணைக் கட்டிக்கொண்டு மகள் மூன்றையும் தின்றாள். ஊதாவை முதல் கடியிலேயே கண்டுபிடித்தாள். மற்ற இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல இன்னும் இரண்டு வேண்டும் என்றாள், கொடுத்தேன், அப்போதும் சொல்லவில்லை.

மாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அச்சை வாங்கி என்ன செய்வீர்கள். மூன்று முட்டை, ஓடு நீக்கி 150 கிராம். சர்க்கரை 130, தேன் 20. மைதா 150, இங்கே பையில் 45 என்று எண் போட்டது. பேக்கிங் பவுடர் 6 கிராம், அதாவது இங்கே கிடைக்கிற 11 கிராம் பாக்கெட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஒரு எலுமிச்சையின் தோல் துருவல், உப்பு ஒரு சிட்டிகை, பால் ஒரு மேசைக்கரண்டி. வெண்ணெய் 125. இருபத்திரண்டு வரும்.

இதில் நம் ஆட்களுக்குக் கையோடு வருகிற இடம் வெண்ணெய். பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெயை உருக்கிப் பழுப்பாகும் வரை காய்ச்சி, அதற்கு ஹேசல் கொட்டை வெண்ணெய் என்று பெயர் வைத்து, என்னவோ வித்தை மாதிரி புத்தகத்தில் இரண்டு பக்கம் எழுதுகிறார்கள். தெர்மாமீட்டர் வை, வெள்ளைச் சட்டியில் காய்ச்சு, நிறத்தைப் பார் என்றெல்லாம். நமக்கு இது நெய் காய்ச்சுவதுதான். படபடவென்று வெடிக்கிற சத்தம் இருக்கும் வரை தண்ணீர் இருக்கிறது. சத்தம் அடங்கி, பொடி நுரை எழும்பி, வாசனை கூடத்துக்கு வந்துவிட்டால் இறக்க வேண்டியதுதான். முருங்கைக் கீரை ஒன்றுதான் குறை. 125 கிராம் வெண்ணெய் இறக்கிய பிறகு 103 கிராம் இருந்தது, மிச்சமெல்லாம் தண்ணீராகப் போய்விட்டது. அடியில் பழுப்பாகப் படிகிற கசண்டை வடிகட்டி எறிந்துவிடாதீர்கள், மணம் முழுக்க அதில்தான். சின்ன வயதில் நெய் காய்ச்சிய சட்டியில் சர்க்கரை போட்டு வழித்துத் தின்றோமே, அதே கசண்டு. இங்கே அது மாவுக்குள் போகிறது.

முட்டை, சர்க்கரை, தேனை நன்றாகக் கலக்கி, மைதாவைச் சலித்துப் போட்டு, பாலை விட்டு, கடைசியில் வெதுவெதுப்பான வெண்ணெய். மின்சார அடிப்பான் தேவையே இல்லை. அப்புறம் மாவை மூடி ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். “இட்லி மாவா, புளிக்குமா?” என்று அம்மா போனில் கேட்டார். புளிக்காது, இறுகும். காலையில் கரண்டியைக் குத்தினால் நிற்கும். அந்த இறுக்கமும் குளிர்ச்சியும்தான் திமிலுக்கு மூலதனம்.

எப்படி என்று ஓவன் கண்ணாடிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். குழியில் முக்கால் அளவு மாவை நடுவில் குவியலாகப் போட்டு, பரப்பாமல், 220 டிகிரியில் உள்ளே தள்ளினேன். முதல் இரண்டு நிமிஷம் குவியல் உருகிப் பரவுகிறது, அவ்வளவுதான். மூன்றாவது நிமிஷம் ஓரத்தில் ஒரு வளையம் மங்கி நிறம் மாறுகிறது. குழியின் ஓரம் ஆழமில்லாதது, அங்கே மாவு சீக்கிரம் வெந்து கெட்டியாகிவிடும். நடுவில் ஆழம், ஜில்லென்று இருந்த மாவு, இன்னும் பச்சையாகப் பளபளக்கிறது. நான்காவது நிமிஷம் சுற்றிலும் சுவர் எழும்பிவிட்டது. உள்ளே பேக்கிங் பவுடர் வாயு கிளப்புகிறது, பக்கவாட்டில் போக வழியில்லை. நடுவில் அந்தப் பளபளப்பு காசு அளவாகச் சுருங்கி, ஒரு கணம் குழிந்த மாதிரி இருந்து, அப்படியே மேலே தள்ளிக்கொண்டு வந்தது. உச்சியில் ஒரு சின்ன வெடிப்பு, அதிலிருந்து ஆவி. அந்த நேரம் 180க்குக் குறைத்துவிட வேண்டும். இன்னும் ஐந்து ஆறு நிமிஷம்.

என் ஓவனில் 220 என்று வைத்தால் உள்ளே 200தான் இருக்கிறது என்பதை ஒரு சின்ன ஓவன் தெர்மாமீட்டர் வாங்கி மாட்டிய பிறகுதான் அறிந்தேன். திமில் வராதவர்கள் மாவைத் திட்டுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

எடுத்த உடனே தட்டிலிருந்து இறக்கிவிட வேண்டும். ஐந்து நிமிஷம் விட்டாலும் அடியில் வியர்த்து மொறுமொறுப்பு போய்விடும். கம்பித் தட்டு இல்லையா, அதே அச்சில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், காற்று போகும். இரண்டாம் ஈடு போடுவதற்கு முன் தட்டு நன்றாக ஆற வேண்டும், திரும்ப வெண்ணெய் தடவ வேண்டும். அவசரப்பட்டுச் சுடச்சுட இருந்த தட்டிலேயே மாவு போட்டேன் ஒரு தடவை. மாவு குழியைத் தொட்டதுமே இளகி வழிந்து, திமில் ஒன்றும் எழும்பாமல் பணியாரத்துக்கும் பான்கேக்குக்கும் நடுவில் ஒன்று வந்தது. சாம்பாரில் போட்டிருக்கலாம்.

முதல் மணி நேரத்தில் சாப்பிடுகிற மட்லேனுக்கு ஈடு இணை இல்லை. சாயங்காலம் வரை தாக்குப்பிடிக்கும். மறுநாள் உலர்ந்து, தொண்டையில் அடைக்கும், டீ இல்லாமல் இறங்காது. அதனால் நான் இருபத்திரண்டையும் ஒரே நாளில் சுடுவதில்லை. மாவு ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் இருக்கும். தினமும் ஒரு தட்டு, நாலு மணிக்கு ஓவனை ஏற்றினால் நாலரைக்குக் கூத்தே தயார்.

லொரேன் பெரியம்மாவின் ஊர் கொமெர்சிக்குப் பக்கம். மோஸ் ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர், மட்லேனுக்குத் தாய்வீடு அதுதான் என்பார்கள். போலந்து சிம்மாசனத்தை இழந்து லொரேனுக்குப் பிரபுவாக வந்து சேர்ந்த ஸ்தானிஸ்லாஸ், பதினைந்தாம் லூயி மன்னனின் மாமனார், 1755இல் அங்கே விருந்து வைத்தாராம். சமையல்காரன் சண்டை போட்டுக்கொண்டு போய்விட, மட்லேன் என்ற வேலைக்காரப் பெண் தன் பாட்டி பக்குவத்தில் இதைச் சுட்டுக் கொடுத்து மானத்தைக் காப்பாற்றினாளாம். நம் ஊர்க் கோயில் தலபுராணம் மாதிரி, நம்பினால் இனிக்கும். எனக்குப் பிடித்தது பின்னால் வந்த கதை. பாரிஸ் ஸ்த்ராஸ்பூர் ரயில் பாதை 1852இல் முழுதாகத் திறந்த பிறகு, கொமெர்சி ஸ்டேஷனில் பெண்கள் கூடையோடு நின்று, மட்லேனை மெல்லிய மரப்பெட்டியில் வைத்துக் கூவிக் கூவி விற்றார்களாம். மணப்பாறை முறுக்கு ஞாபகம் வரவில்லையா? ரயில் நின்று போகிற ஊர்களுக்கு எந்த நாட்டிலும் ஒரு பண்டம் வாய்த்துவிடுகிறது.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தாத்தா சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயாக, இருந்த புண்ணியத்தில் நாங்கள் இங்கே வந்துவிட்டோம், அம்மா காரைக்காலிலேயே இருக்கிறார். போன லீவில் அவருக்கும் இதே ஈயத் தட்டு ஒன்றை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனேன். சின்ன ஓவன் ஒன்று அங்கே இருக்கிறது. இரண்டு தடவை சுட்டோம், தெருவே வந்து தின்றது. பக்கத்து வீட்டு அத்தை கையில் எடுத்து, “கடற்கரையில கிடக்கறத சுட்டு வச்சிருக்கா” என்றார். ஐப்பசி மழை முடிவதற்குள் அம்மா படம் அனுப்பினார். குழியெல்லாம் காவி பூசின மாதிரி துரு. கீறல் வழியாக ஈயம் தேய்ந்த இடத்தில் உப்புக் காற்று புகுந்துவிட்டது. “பணியாரக்கல்லுக்கு எண்ணெய் தடவி வைப்பேன், இது பிரான்சு சாமான்னு சும்மா வச்சிட்டேன்டி” என்றார். ஆகவே கடலோரத்துக்காரர்கள் நல்ல கனமான நான்ஸ்டிக்கை வாங்குங்கள், முள்கரண்டியையும் வீட்டு ஆண்களையும் அதற்குப் பக்கத்தில் விடாதீர்கள். இல்லை ஈயத் தட்டுதான் வேண்டும் என்றால் எண்ணெய் பூசி, துணியில் சுற்றி, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைக்காமல் உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

போன வாரம் ஒரு டப்பா நிறையச் சுட்டு கான்டீனுக்கு எடுத்துப் போனேன். பெரியம்மா ஒன்றை எடுத்தார். திமிலைப் பார்க்கவே இல்லை. திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முதுகு வரிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். “தகரம்தானே?” என்றார். ஆமாம் என்றேன். கடித்து மென்றுவிட்டு, “எலுமிச்சை கொஞ்சம் ஜாஸ்தி” என்றார். இன்னும் இரண்டை எடுத்துக் காகிதக் கைக்குட்டையில் சுற்றி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டார்.